புதுப்பிப்பு: ஈஸ்ட் சேர்த்தும் நுரைக்காத திராட்சைச் சாறு

வீட்டிலேயே ஒயின் செய்ய, கடையில் வாங்கிய 4 லிட்டர் திராட்சைச் சாற்றில் ஈஸ்ட் சேர்த்து நான்கு நாளாகியும் ஒரு குமிழிகூட எழவில்லை என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பெங்களூரின் குளிர்தான் காரணம் என்று பலர் கூறியதால், ஜாடியைக் கம்பளியில் சுற்றி இரண்டு நாள் காத்திருந்தேன், பயனில்லை. லேபிளைப் படிக்கச் சொன்னவரின் யோசனையே சரியாக இருந்தது. அதில் பொடி எழுத்தில் ஐஎன்எஸ் 211, அதாவது சோடியம் பென்சோயேட், என்று அச்சிட்டிருந்தது. ஈஸ்ட் பெருகாமல் தடுப்பதற்கென்றே சேர்க்கும் பொருளோடு நான் ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்!

அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டு, கே.ஆர். மார்க்கெட்டில் 3 கிலோ பெங்களூர் ப்ளூ திராட்சை வாங்கி, காம்பு நீக்கிக் கையால் பிசைந்து, 300 கிராம் சர்க்கரையும் வெதுவெதுப்பான நீரில் கரைத்த ஈஸ்ட்டும் சேர்த்தேன். மறுநாள் காலையிலேயே ஜாடியருகில் காதை வைத்தால் சோடா திறந்தது போன்ற மெல்லிய இரைச்சல் கேட்டது.

நான் எதிர்பாராதது, தோல்கள் அனைத்தும் மேலே எழுந்து தடித்த மூடி போல அடைத்துக்கொண்டதுதான். காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், தினமும் இருமுறை மரக்கரண்டியால் அவற்றை அமிழ்த்தினேன். ஜாடியைக் கழுத்துவரை நிரப்பியது என் தவறு; மூன்றாம் இரவு நுரை பொங்கி வழிந்து, காலையில் எறும்புப் படையே வந்திருந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

ஏழாம் நாள் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி, வாயு வெளியேற மூடியைத் தளர்வாகவே வைத்திருக்கிறேன். இப்போது அடியில் வண்டல் படிந்து வருகிறது.