‘லேடி ஃபார் எ டே’ (1933): டேவ் அன்னிக்கு உதவுவது இரக்கத்தாலா, ராசிக்காகவா?

கேள்வி: வெண்திரை

அனைவருக்கும் வணக்கம். ஃபிராங்க் காப்ரா 1933ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனத்துக்காக இயக்கிய ‘லேடி ஃபார் எ டே’ படத்தை அண்மையில் பார்த்தேன். நியூயார்க்கின் பிராட்வே பகுதியில் கூடையில் ஆப்பிள் விற்கும் அன்னி என்ற முதியவள், ஸ்பெயினில் கன்னியர் மடத்தில் வளர்ந்த தன் மகளுக்கு ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதிவருகிறாள். பெரிய விடுதியொன்றின் கடிதத்தாளில், உயர்குடிச் சீமாட்டி ஒருத்தி எழுதுவதைப் போல எழுதுகிறாள். மகளோ ஒரு பிரபுவின் மகனை மணக்க முடிவுசெய்து, அவனோடும் அவன் தந்தையோடும் கப்பலேறிப் புறப்பட்டுவிடுகிறாள். செய்வதறியாமல் இடிந்துபோன அன்னியைத் தூக்கி நிறுத்துபவர் டேவ் என்ற சூதாட்டத் தாதா. அவர் அவளுக்கு ஒரு மாளிகைக்கு இணையான வீட்டையும் பட்டாடைகளையும் ஏற்பாடு செய்து, ஒரு கணவரையும்கூடத் தேடிக் கொடுக்கிறார்.

என் ஐயம் இதுதான். அன்னியிடம் ஆப்பிள் வாங்கினால்தான் ஆட்டத்தில் வெல்ல முடியும் என்று டேவ் உறுதியாக நம்புகிறார். அப்படியானால் அவர் செய்வது தன் ராசியைக் காப்பாற்றிக்கொள்ளும் செயல்தானே? இதை ‘மென்மனம் படைத்த தாதா’ கதை என்று எல்லோரும் கொண்டாடுவது பொருந்துமா? இதே கதையைக் காப்ராவே 1961இல் ‘பாக்கெட்ஃபுல் ஆஃப் மிரக்கிள்ஸ்’ என்று மீண்டும் எடுத்திருக்கிறார். வீட்டில் பெரியவர்களோடு அமர்ந்து பார்ப்பதற்கு இரண்டில் எது ஏற்றது என்பதையும், இவ்வகையில் வேறு எந்தப் படங்களைப் பார்க்கலாம் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

மறுமொழி: பிராட்வே மூலை

வெண்திரை அவர்களுக்கு, நல்ல கேள்வி. டேவ் தன்னலத்தில்தான் தொடங்குகிறார் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். படத்தின் உயிரே அந்தத் தொடக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அவர் முதல் காட்சியிலேயே ஏழைக்கு இரங்கும் வள்ளலாக வந்திருந்தால், பின்னால் அவர் செய்யும் எதுவும் நமக்கு வியப்பைத் தந்திராது. ஆப்பிளுக்காக அன்னியைத் தேடிப் போகிறவர், அவள் நிலையைக் கண்ட பிறகு ஒரு சிறு உதவியோடு விலகிவிடலாம் என்றுதான் எண்ணுகிறார். ஆனால் ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதைக் காப்பாற்ற மூன்றாவது பொய் என்று செலவும் ஆபத்தும் ஏறிக்கொண்டே போகின்றன. ஏதோ ஒரு கட்டத்தில், ராசிக்காக இவ்வளவு இழப்பதில் பொருளில்லை என்பது டேவுக்கும் தெரிந்துவிடுகிறது, நமக்கும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகும் அவர் நிறுத்துவதில்லை. அது எந்தக் கட்டம் என்று படம் வசனமாகச் சொல்லாமல் விட்டிருப்பதை ராபர்ட் ரிஸ்கினின் திரைக்கதையில் நான் மிகவும் மதிக்கிறேன். டேவின் கூடவே இருக்கும் உதவியாளர் ஹேப்பி, அவராக நடித்த நெட் ஸ்பார்க்ஸின் அந்தச் சிடுசிடுத்த முகத்தோடு, ஒவ்வொரு செலவையும் குறைசொல்லிக்கொண்டே எல்லா வேலையையும் செய்து முடிப்பதைக் கவனியுங்கள்.

மூலக்கதையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். டேமன் ரன்யன் 1929இல் எழுதிய ‘மேடம் லா கிம்ப்’ என்ற சிறுகதைதான் இதற்கு அடிப்படை. ரன்யன் நியூயார்க்கில் விளையாட்டுச் செய்தியாளராகப் பெயர் பெற்றவர்; பிராட்வேயின் சூதாடிகளையும் கள்ளச்சாராயம் விற்றவர்களையும் அருகிலிருந்து பார்த்தவர். 1946இல் அவர் இறந்தபோது அவருடைய அஸ்தியை விமானத்திலிருந்து பிராட்வேயின்மீதே தூவினார்கள். அவருடைய கதையில் அந்த மூதாட்டி நாளாகிப்போன செய்தித்தாள்களும் பூக்களும் விற்பவள். ரிஸ்கினும் காப்ராவும் அவள் கையில் ஆப்பிள் கூடையைக் கொடுத்தார்கள். 1930ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பெருமந்தத்தால் வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் நியூயார்க்கின் தெருமுனைகளில் நின்று ஆப்பிள் ஒன்றை 5 சென்ட்டுக்கு விற்றார்கள். பழ வணிகர் சங்கம் அவர்களுக்குக் கடனாகப் பெட்டி பெட்டியாகப் பழம் கொடுத்தது. 1933இல் அரங்கில் அமர்ந்திருந்த அமெரிக்கருக்கு அந்தக் கூடை தன் தெருவில் அன்றாடம் கண்ட காட்சி. அன்னியின் வறுமையை விளக்க ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

இதைவிடப் பெரிய மாற்றம் முடிவில் இருக்கிறது. ரன்யனின் கதையில் விருந்துக்கு வரும் பிரமுகர்கள் அனைவரும் வேடமிட்ட பிராட்வே ஆட்கள்தாம். நகைச்சுவை அங்கேயே நிறைவடைந்துவிடுகிறது. படத்திலும் டேவ் தன் அடியாட்களுக்கும் இரவு விடுதி நடனப் பெண்களுக்கும் பிரபுக்களைப் போல வணங்கவும் பேசவும் பயிற்சி கொடுக்கிறார். ஆனால் விருந்தன்று அவர்கள் காவல்துறையிடம் அகப்பட்டுக்கொள்கிறார்கள். டேவ் நகர மேயரிடமும் மாநில ஆளுநரிடமும் உண்மை முழுவதையும் சொல்கிறார். வேறு வழியின்றி அன்னி தன் சம்பந்தியாகப் போகிறவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வாய் திறக்கும் நேரத்தில், உண்மையான மேயரும் ஆளுநரும் நகரப் பெரியோரும் அவளைப் பழைய தோழியாகப் பாவித்து வாழ்த்த வந்து சேர்கிறார்கள். தாதாவிடம் தொடங்கிய இரக்கம் அதிகாரத்தில் இருப்பவர்களையும் தொற்றிக்கொள்ளும் அந்த இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

மறுமொழி: நடுவரிசை

மேலே எழுதியவரோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் 1961ஆம் ஆண்டுப் படத்துக்காகவும் ஒருவர் பேச வேண்டும். அதில் டேவின் உதவியாளர் ஜாய் பாயாக வரும் பீட்டர் ஃபாக் ஒவ்வொரு காட்சியையும் தன்வசப்படுத்திவிடுகிறார். துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்குக் கிடைத்தது. நீதிபதி பிளேக் என்று எல்லோரும் அழைக்கும், சொல்வன்மை மிக்க பில்லியர்ட்ஸ் சூதாடியாக தாமஸ் மிட்செல் நடித்த கடைசிப் படம் அது. மகளாக வரும் ஆன்-மார்கரெட்டுக்கு அது முதல் படம். காப்ராவுக்கோ அதுவே இறுதி முழுநீளப் படம். அரங்க அமைப்பும் வண்ணமும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

அப்படியிருந்தும், ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் 1933ஆம் ஆண்டுப் படத்தையே நானும் சொல்வேன். பழைய படம் ஏறத்தாழ 96 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. புதியது 136 நிமிடங்கள் ஓடுகிறது. கூடுதலான நேரத்தில் பெரும்பகுதி, சிகாகோவிலிருந்து வரும் பெரிய தாதாவோடு டேவ் செய்யவிருக்கும் பேரத்துக்கும், டேவுக்கும் அவர் காதலிக்கும் இடையிலான சச்சரவுகளுக்கும் போய்விடுகிறது. அன்னியோ தன் கதையிலேயே ஓரமாக ஒதுங்கி நிற்கிறாள். புதிய படத்தில் அன்னியாக வரும் பெட்டி டேவிஸ் மாபெரும் நடிகை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எனினும் அவர் கந்தலில் வரும்போது, சீமாட்டி ஒருத்தி வேடமிட்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பழைய படத்தில் அன்னியாக நடித்த மே ராப்சனைப் பார்க்கும்போது அப்படித் தோன்றவே இல்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்து, நாடக மேடையில் நெடுங்காலம் நடித்துவிட்டு வந்த ராப்சனுக்கு அப்போது 75 வயது. மகள் வரப்போகிறாள் என்ற கடிதத்தைப் படித்ததும் அவர் முகத்தில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போவதைக் கவனித்தால் நான் சொல்வது விளங்கும்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் இதுவே ஏற்றது. பிரபு சீதனம் கேட்க, கை கிப்பீ நடித்த நீதிபதி பிளேக் அந்தச் சிக்கலை பில்லியர்ட்ஸ் மேசையில் விளையாடித் தீர்த்துவைக்கும் காட்சியை அவர்கள் நிச்சயம் விரும்புவார்கள்.

வெண்திரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆப்பிள் கூடையின் பின்னணி எனக்குப் புதிய செய்தி. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். டேவ் தன் திட்டத்தைக் காப்பாற்றுவதற்காகச் செய்தியாளர்களைப் பிடித்து அடைத்து வைக்கிறார். அது ஆட்கடத்தல் அல்லவா? படத்தில் அதற்கு அவர் எந்தத் தண்டனையும் பெறவில்லை. அக்காலத்துத் தணிக்கை இதை எப்படி அனுமதித்தது?

மறுமொழி: கறுப்பு வெள்ளை

அனுமதித்ததற்குக் காரணம் படம் வந்த காலம். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளான நெறிமுறைக் கோவை 1930லேயே எழுதப்பட்டுவிட்டாலும், ஜோசஃப் பிரீனின் அலுவலகம் அதைக் கண்டிப்போடு செயல்படுத்தத் தொடங்கியது 1934ஆம் ஆண்டு ஜூலையில்தான். ‘லேடி ஃபார் எ டே’ அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே திரைக்கு வந்துவிட்டது. அப்போது மதுவிலக்கும் முழுமையாக நீங்கியிருக்கவில்லை. அது அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதிதான் முடிவுக்கு வந்தது. சட்டத்தை மீறிச் சாராயம் விற்றவரிடமே ஊரில் பாதிப்பேர் வாங்கிக் குடித்த காலம் என்பதால், டேவைப் போன்ற ஒருவரைப் பார்வையாளர்கள் கொடியவராக மட்டும் எண்ணவில்லை. குற்றவாளிமீது பரிவு பிறக்கும்படி குற்றத்தைக் காட்டக் கூடாது என்ற விதி பின்னால் இறுகியபோது, இத்தகைய நகைச்சுவைப் படங்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. தாதா ஏற்கெனவே திருந்தியவராக இருக்க வேண்டும், அல்லது படத்துக்குள்ளாகத் திருந்த வேண்டும்.

அந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவற்றுள் எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த மூன்று படங்களைத் தாங்கள் அவசியம் பார்க்க வேண்டும். மூன்றையும் வார்னர் நிறுவனத்துக்காக இயக்கியவர் லாயிட் பேக்கன். முதலாவது, 1938இல் வந்த ‘எ ஸ்லைட் கேஸ் ஆஃப் மர்டர்’. இதுவும் ரன்யனின் கையிலிருந்து வந்ததுதான். அவர் ஹோவர்ட் லிண்ட்சேயோடு சேர்ந்து எழுதிய நாடகத்தைத் தழுவியது. மதுவிலக்கு நீங்கியதும் நேர்மையான பீர் உற்பத்தியாளராகிவிட முடிவுசெய்யும் ரெமி மார்கோவின் பீர், வாயில் வைக்க முடியாத அளவுக்கு மோசமானது. அவரோ அதைச் சுவைத்தே பார்த்ததில்லை. சுற்றியுள்ளவர்களுக்கு அதை அவரிடம் சொல்லத் துணிவில்லை. தொழில் நொடித்துப்போகும் வேளையில் வாடகைக்கு எடுத்த கோடைக்கால வீட்டில் நான்கு பிணங்கள் கிடக்கின்றன. மகள் மணக்க விரும்பும் இளைஞனோ ஒரு காவலர். 1931இல் ‘லிட்டில் சீசர்’ படத்தில் நாட்டையே நடுங்கவைத்த அதே ராபின்சன், அதே குரலையும் நடையையும் வைத்துக்கொண்டே இதில் சிரிக்கவைக்கிறார். நான் பார்த்தவரை இந்த வகையில் இதற்கு இணையான படம் இல்லை.

1940இல் வந்த ‘பிரதர் ஆர்க்கிட்’ படத்தில் அவர் பகைவர்களிடமிருந்து தப்பி, மலர் வளர்க்கும் துறவியர் மடத்தில் தஞ்சம் புகுகிறார். 1942இல் வந்த ‘லார்சனி இங்க்’ படத்திலோ, பக்கத்து வங்கிக்குச் சுரங்கம் தோண்டுவதற்காக ஒரு பெட்டிக்கடையை, அதாவது பயணப் பெட்டிகள் விற்கும் கடையை, வாங்குகிறார். கடை எதிர்பாராமல் செழித்துவிடுகிறது. பிந்தையது சற்று இழுவையாக இருந்தாலும் அந்தத் தெருவின் கடைக்காரர்களுக்காகவே பார்க்கலாம்.

அன்னியின் கதை அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கி சான் 1989இல் ‘மிரக்கிள்ஸ்’ என்ற பெயரில் அதை 1930களின் ஹாங்காங்குக்குக் கொண்டுபோனார். அங்கே ஆப்பிளுக்குப் பதிலாக ரோஜாப் பூக்கள். 2008இல் வந்த இந்திப் படமான ‘சிங் இஸ் கிங்’கில் கிரோன் கேர் ஏற்ற பூக்காரி வேடத்திலும் அந்தச் சாயலைக் காணலாம்.

கடைசியாக, படச்சுருளின் படியைப் பற்றி ஒரு சொல். ‘லேடி ஃபார் எ டே’யின் மூல நெகட்டிவ் தொலைந்துபோய், காப்ரா தம்மிடம் வைத்திருந்த படியிலிருந்துதான் புதிய நெகட்டிவ் எடுக்கப்பட்டது. ஆகவே சில காட்சிகள் மங்கலாகத் தெரிந்தால் உங்கள் திரையில் கோளாறு என்று எண்ண வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் தரம் குன்றிய படிகளைத் தவிர்த்து, மீட்டெடுக்கப்பட்ட குறுவட்டுப் பதிப்பைத் தேடிப் பாருங்கள். ராப்சனின் முகத்தை அதில்தான் முழுமையாகக் காண முடியும்.