சைப்ரஸ் ஏன் பட்டியலில் இல்லை

குழு: ஐம்பதாம் மணநாள் பயணம்

மாமா, மாலை 6.05
அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 20 முதல் 29 வரை நம் பத்துப் பேருக்கும் பாலித் தீவில், கடலை ஒட்டிய விடுதியில் ஐந்து அறைகள் கிடைக்கின்றன. நாளை நண்பகலுக்குள் முன்பணம் கட்டினால்தான் இந்த விலை நிற்கும் என்கிறார்கள். படங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அம்மா, 6.07
மிகவும் அழகாக இருக்கிறது, அண்ணா.

அப்பா, 6.08
நாள்கள் எனக்கு ஒத்துவருகின்றன, அத்தான்.

கார்த்தி அண்ணா, 6.08
சரி.

தாத்தா, 6.12
கார்த்தி, "சரி" என்பது வாக்கியமன்று. எது சரி, யாருக்குச் சரி என்று எழுது. இந்தக் குழுவில் முழு வாக்கியம்தான் விதி.

அத்தை, 6.15
குடை எத்தனை எடுத்துவைக்க வேண்டும் என்பதையும் உங்கள் மாமா இப்போதே சொல்லிவிட்டால் வசதியாக இருக்கும்.

பெரியப்பா, 6.31
மாப்பிள்ளை இவ்வளவு தூரம் விசாரித்து வைத்திருப்பதற்கு முதலில் நன்றி. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 8 பாகையில் இருக்கிறது. அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட பருவம். நவம்பரில் தொடங்கும் மழை மார்ச் வரை நீடிக்கிறது. அதிலும் டிசம்பரும் ஜனவரியும் மழை மிகுந்த மாதங்கள். நாள் முழுவதும் அடைமழை பெய்யும் என்று நான் சொல்லவில்லை. பல நாள்களில் பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். என்றாலும் வெயிலுக்காகவே கடல் கடந்து போகிற நாம், அதை விடுதியின் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. ஆகஸ்டில் எடுத்த படத்தைக் காட்டி டிசம்பருக்கு அறை விற்பது உலக வழக்கம்.

மாமா, 6.34
மழையைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே, மச்சான்.

அத்தை, 6.35
சாமுய் தீவுக்கு முன்பணம் வாங்கியவர்களும் சொல்லவில்லை.

நிலா, 6.37
எனக்கு அப்போது பத்து வயது. சீட்டுக்கட்டு ஈரத்தில் ஊறிப்போய், ஒரு சீட்டை இழுத்தால் மூன்று சேர்ந்து வந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அம்மா, 6.40
பால்கனியில் காயப்போட்ட துண்டுகள் ஆறு நாளும் காயவேயில்லை. கடைசியில் ஈரத்தோடு பெட்டியில் அடைத்தோம். எடை கூடிவிட்டது என்று விமான நிலையத்தில் கூடுதல் பணமும் கட்டினோம். தண்ணீருக்குக் கட்டிய பணம் அது.

மாமா, 6.43
நானும் விசாரிக்காமல் போகவில்லை. நவம்பரில் தாய்லாந்தில் மழை விட்டுவிடும் என்று படித்த பிறகுதான் சீட்டு எடுத்தேன்.

பெரியப்பா, 6.58
நீங்கள் படித்தது ஃபுகெட்டைப் பற்றி, மாப்பிள்ளை. ஃபுகெட் மேற்கே அந்தமான் கடலில் இருக்கிறது. அங்கே தென்மேற்குப் பருவக்காற்று போனால் மழையும் போய்விடும். சாமுய் கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிறது. வடகிழக்குக் காற்று அந்தக் கடலின் ஈரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதன்மேல்தான் இறக்குகிறது. அந்தத் தீவுக்கு மழை மிகுந்த மாதமே நவம்பர். நாட்டின் பெயரைப் பார்த்து வெயிலைத் தேடினால் இப்படித்தான் ஆகும். எந்த மாதம், எந்தக் கரை என்ற இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்பா, 7.00
அண்ணா, சாமுயை விட்டுவிடலாம். டிசம்பர் பிற்பாதியில் எங்கே வெயில் இருக்கும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

அத்தை, 7.02
சைப்ரஸில் ஆண்டுக்கு 300 நாளுக்கு மேல் வெயில் அடிக்கிறது என்கிறார்கள். அது ஏன் பட்டியலில் இல்லை என்று நான் தெரிந்துகொள்ளலாமா, அண்ணா?

பெரியம்மா, 7.11
இவர் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார், மங்கை; சற்றுப் பொறுத்துக்கொள்.

பெரியப்பா, 7.19
மத்தியதரைக் கடல் நாடுகளில் கோடை வறண்டும் குளிர்காலம் ஈரமாகவும் இருக்கும். 300 நாள் என்ற கணக்கு உண்மைதான். ஆனால் வெயில் இல்லாத மிச்ச நாள்களில் பெரும்பகுதி நாம் போக நினைக்கும் பருவத்தில்தான் வந்து விழும். கடல் நிலத்தைவிட மெதுவாகச் சூடேறி, மெதுவாகவே ஆறும் என்பதால், அங்கே செப்டம்பரிலும் அக்டோபரிலும் குளிக்கத் தண்ணீர் இதமாக இருக்கும், டிசம்பரில் இருக்காது. வானிலை தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

அத்தை, 7.21
அக்டோபரில் தண்ணீர் இதமாக இருந்ததைப் படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இரண்டு குடும்பமும் ஒருவர் விடாமல் கழுத்தளவு நீரில் நின்று கையசைக்கிற படம் மிகத் தெளிவாகவே வந்திருந்தது.

அப்பா, 7.22
அக்கா, அது திடீரென்று முடிவான பயணம்.

தாத்தா, 7.24
அந்த வழக்கை நான் தீர்த்துவைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

கார்த்தி அண்ணா, 7.25
மாலத்தீவு?

தாத்தா, 7.25
கேள்விக்குறி போட்டால் மட்டும் பெயர்ச்சொல் கேள்வியாகிவிடாது.

கார்த்தி அண்ணா, 7.27
மன்னியுங்கள், தாத்தா. மாலத்தீவுக்குப் போகலாமா என்று கேட்கிறேன். கடல் ஆண்டு முழுவதும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும் என்பதால் எனக்கும் நிலாவுக்கும் முக்குளிக்க வசதியாக இருக்கும்.

பெரியப்பா, 7.41
நல்ல யோசனைதான், ஆனால் பிப்ரவரிக்கு. வடகிழக்குக் காற்று நிலைபெற்று மழை குறைவது அங்கே ஜனவரி முதல் மார்ச் வரையில்தான். டிசம்பரில் முழுமையாக ஓய்ந்திருக்கும் என்று நம்ப முடியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. தொலைவிலுள்ள தீவுகளுக்கு நீர்விமானத்தில் போக வேண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். நாம் மாலேயில் இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டால் அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலையில்தான் கிளம்ப முடியும். தாத்தாவையும் பாட்டியையும் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி தூக்கும் வேலையை இரண்டு முறை செய்ய வேண்டுமா?

அம்மா, 7.44
அத்தான், எனக்கு வெயில் பட்டாலே கைகளில் தடித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெயில் வேண்டும், ஆனால் சுடக் கூடாது.

கார்த்தி அண்ணா, 7.44
நிழலில் வெயில் காய்வது எப்படி, சித்தி?

பெரியப்பா, 7.56
சிரிக்காதே, கார்த்தி. இதமாகத் தோன்றுவது வேறு, தோலைச் சுடுவது வேறு. புற ஊதாக் கதிர்க் குறியீடு 3-ஐ எட்டினாலே தோலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11-ஐ எட்டினால் மிகக் கடுமை என்று கணக்கு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வானம் தெளிந்த நாளில் அது சாதாரணமாக 11-ஐத் தொடும். 28 பாகை வடக்கே டிசம்பரில் 3, 4 என்று நின்றுவிடும். உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை, நெட்டையாக இருந்தால் பரவாயில்லை என்று வைத்துக்கொள். ஆகவே உன் சித்தி கேட்பது நடக்கக்கூடியதுதான்.

நிலா, 7.58
பெரியப்பா, 28 பாகை வடக்கே என்று மனத்தில் ஓர் ஊரை வைத்துக்கொண்டுதான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா, 8.20
ஆமாம். இரண்டு இடங்கள். முதலாவது எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள ஹர்கடா. மழை அங்கே ஏறக்குறைய கிடையாது. பகலில் 22 டிகிரி அளவில் இருக்கும். கார்த்திக்குப் பவளப்பாறைகளும் கிடைக்கும். ஆனால் வடக்கிலிருந்து காற்று ஓயாமல் வீசும், பொழுது சாய்ந்ததும் சட்டென்று குளிரும்.

இரண்டாவது டெனரீஃப். ஸ்பெயினுக்குச் சொந்தம் என்றாலும் இருப்பது ஆப்பிரிக்காவின் மேற்கே, அட்லாண்டிக்கில். தீவின் நடுவில் தெய்தே என்ற 3,715 மீட்டர் எரிமலை நிற்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்றும் மேகமும் அந்த மலைத்தொடரின் வடக்குச் சரிவிலேயே முட்டி நின்றுவிடுவதால் வடக்கு பசுமையாகவும் மூட்டமாகவும் இருக்கும். அதே நேரத்தில் தெற்கே லாஸ் கிறிஸ்தியானோஸ் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். டிசம்பரிலும் பகலில் 21 டிகிரி வரை இருக்கும். அதே தீவில் வடக்கில் அறை எடுத்தால் மறுபடியும் சாமுய்தான். அதனால் தெற்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அத்தை, 8.22
மழைக்குப் பதிலாகச் சாம்பல் விழும் இடத்தைத் தேர்ந்திருக்கிறீர்கள், அண்ணா.

பெரியப்பா, 8.24
அந்தத் தீவில் கடைசியாக எரிமலை வெடித்தது 1909-இல். 2021-இல் வெடித்தது பக்கத்துத் தீவான லா பால்மாவில்.

மாமா, 8.25
பக்கத்துத் தீவில் என்கிறீர்கள். குறித்துக்கொள்கிறேன்.

கார்த்தி அண்ணா, 8.27
டிசம்பரில் அந்தக் கடல் 20 டிகிரிதான் இருக்கும் என்று போட்டிருக்கிறார்கள். நான் ஹர்கடாவில் நான்கு நாள் இருந்துவிட்டு, பிறகு வந்து சேர்ந்துகொள்ளட்டுமா?

அத்தை, 8.28
தனித்தனியாகப் போகும் பழக்கம் உங்கள் வீட்டில் தொடர்வதில் மகிழ்ச்சி.

பெரியம்மா, 8.28
கார்த்தி எங்கும் தனியாகப் போகப்போவதில்லை, மங்கை.

தாத்தா, 8.33
எரிமலையின் உச்சிக்குக் கம்பிவட ஊர்தி போவதாகப் படித்தேன். நான் ஏற விரும்புகிறேன்.

பெரியப்பா, 8.36
அப்பா, அதன் மேல் நிலையமே 3,555 மீட்டரில் இருக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கீழே இருந்து பார்க்கலாம்.

தாத்தா, 8.37
பார்க்கலாம் என்பதற்கு இரண்டு பொருள் உண்டு.

அம்மா, 8.40
பாட்டியின் பாஸ்போர்ட் எதுவரைக்கும் செல்லும் என்று யாராவது பார்த்தீர்களா?

பெரியப்பா, 8.52
நல்லவேளை, கேட்டாய். அம்மாவுடையது ஏப்ரல் 10-ஆம் தேதியோடு முடிகிறது. இந்தோனேசியாவுக்குள் நுழைய ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதால், பாலிக்கு அம்மாவை விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். ஸ்பெயின் உட்பட ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் இருந்தால் போதும். டிசம்பர் 29 என்றால் மார்ச் 29 வரை. பன்னிரண்டு நாள் மிச்சமிருக்கிறது. நம்மிடையே மூன்று நாட்டுப் பாஸ்போர்ட்டுகள் இருப்பதால் விசா தேவைப்படுகிறவர்கள் உடனே தொடங்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் வாங்க மாட்டார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

மாமா, 8.54
அத்தைக்காகப் பாலி வேண்டாம் என்றால் நான் என்ன சொல்லப்போகிறேன்? முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் மழைப்பாடம் கேட்டிருக்க வேண்டியதில்லை.

தாத்தா, 9.03
இது பாட்டி சொல்லச் சொல்ல நான் எழுதுவது: "மலை, கடல், மீன் எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் முழங்காலில் வெயில் படுகிற மாதிரி ஒரு நாற்காலி போட இடம் இருந்தால் எனக்குப் போதும். போன தடவை ஓட்டலில் பால்கனி இருந்தது, வெயில் அடுத்த கட்டடத்துக்குத்தான் அடித்தது."

பெரியப்பா, 9.22
அம்மா கேட்டதுதான் இன்று பேசியதிலேயே உருப்படியான கேள்வி. டெனரீஃப்பில் டிசம்பர் நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் வராது. தெற்கு வானில் 38 பாகை உயரத்தோடு நின்றுவிடும். எனவே தெற்குப் பார்த்த பால்கனியில், எதிரே மறைப்பு இல்லையென்றால், பகல் முழுவதும் வெயில் இருக்கும். வடக்குப் பார்த்த பால்கனியில் ஒரு கீற்றும் விழாது. கட்டடத்தின் நிழல் அதன் உயரத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு நீளும் என்பதால், எதிரே என்ன கட்டடம், எவ்வளவு தூரம் என்பதையும் கேட்க வேண்டும். "கடல் தெரியும் அறை" என்று மட்டும் கேட்டால் எந்தத் திசைக் கடலையாவது காட்டிவிடுவார்கள். மாப்பிள்ளை, விடுதிகளோடு பேசிப் பழக்கமுள்ளவர் நீங்கள். தெற்குப் பார்த்த அறை ஐந்து உண்டா என்று எழுதிக் கேட்டுப் பதிலை இங்கே போடுங்கள்.

மாமா, 9.25
கேட்கிறேன், மச்சான். ஆனால் பாலி விலை நாளை நண்பகல் வரைதான். அதை விட்டுவிடலாமா, வைத்திருக்கலாமா?

அப்பா, 9.26
பணம் கட்டாமல் எப்படி வைத்திருப்பது, அத்தான்?

பெரியப்பா, 9.38
தெற்கறை உறுதியாகட்டும். அதற்குள் விசா வேலையைத் தொடங்கிவிடலாம் என்று, என்னிடம் இருக்கும் அப்பா, அம்மா பாஸ்போர்ட்டுகளின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து இதோ அனுப்புகிறேன். முந்தைய பயணங்களின் பக்கங்களையும் கேட்பார்கள்.

அத்தை, 9.44
இரண்டிலும் நான்காம் பக்கத்தில் சைப்ரஸின் லார்னகா விமான நிலைய முத்திரை இருக்கிறது. மாதம் அக்டோபர். அந்த இரண்டு வாரம் அண்ணன் வீட்டில் ஓய்வெடுக்கப் போவதாக அல்லவா என்னிடம் சொன்னீர்கள், அப்பா? எல்லோரும் தண்ணீரில் நின்று கையசைத்தார்களே, அந்தப் படத்தை எடுத்தது யார் என்று இத்தனை ஆண்டுகளாக நான் யோசிக்கவே இல்லை.

பெரியப்பா, 9.45
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

கார்த்தி அண்ணா, 9.46
தாத்தா?

அத்தை, 9.51
நீதிபதி எங்கே போனார்?

மாமா, 9.58
விடுதியிலிருந்து பதில் வந்திருக்கிறது. தெற்குப் பார்த்த அறைகள் நான்குதான் இருக்கின்றனவாம். ஐந்தாவது அறை வடக்குப் பக்கம். அது யாருக்கு என்று நான் கேட்கப்போவதில்லை.

தாத்தா, 10.04
சரி.