கண்ணாடி வாங்கப் போனால் படம் எடுக்கிறார்கள்

குழு: போடி வீட்டார்

பெரியப்பா: மண்டபத்தில் இன்றைக்குக் கண் முகாம். வாசிக்கிற கண்ணாடி கிடைக்கும் என்று போனேன். ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, பளிச்சென்று வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தார்கள். சீட்டைக் கையில் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறார்கள். கண்ணாடியும் இல்லை, ஒன்றும் இல்லை.

பெரியப்பா: 📷 புகைப்படம்

கார்த்தி: அப்பா, படம் தலைகீழாக இருக்கிறது. செல்வி, கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா.

செல்வி: டூட்டியில் இருக்கிறேன் அண்ணா. இதோ வருகிறேன்.

அத்தை: ⏩ பலமுறை அனுப்பப்பட்டது
பொன்னாங்கண்ணிச் சாறு 48 நாள் குடித்தால் கண்ணாடியைத் தூக்கி எறியலாம்!! பகிருங்கள் 🙏

செல்வி: அத்தை, கீரையைக் கூட்டு வைத்துச் சாப்பிடுங்கள், நல்லதுதான். இதற்கு அது மருந்து இல்லை.

செல்வி: பெரியப்பா, சீட்டில் ‘மாடரேட் என்.பி.டி.ஆர்.’ என்று இருக்கிறது. சர்க்கரையால் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கெட ஆரம்பித்திருக்கின்றன. நடுத்தரக் கட்டம். படத்தைப் பெரிதாக்குங்கள். ஆரஞ்சாகத் தெரிவது விழித்திரை. ஓரத்தில் வெளிர்மஞ்சள் வட்டம், அது கண் நரம்பு. அதற்குக் கீழே சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறதா?

பெரியப்பா: தெரிகிறது. கடுகு சிந்தினாற்போல.

செல்வி: அதெல்லாம் குழாய்ச்சுவர் வலுவிழந்து புடைத்த இடங்களும் சின்னச் சின்ன ரத்தக்கசிவும். பக்கத்து மஞ்சள் திட்டு, குழாயிலிருந்து கசிந்து படிந்த கொழுப்பு.

பெரியப்பா: எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே? போர்டில் கடைசி வரி வரை வாசித்தேன். அந்தப் பையனே அசந்துபோனான்.

செல்வி: கடைசி வரியை வாசிக்க விழித்திரையின் நடு இடம் நன்றாக இருந்தால் போதும் பெரியப்பா. சுற்றிலும் கசிந்துகொண்டிருந்தாலும் தெரியாது, வலிக்காது. கசிவு நடுவுக்கு வந்த பிறகுதான் மங்கும். அப்புறம் வைத்தியம் பார்த்தாலும் போன பார்வை முழுசாகத் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சர்க்கரை இருக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுக்கவேண்டும் என்பது இதற்காகத்தான்.

பெரியம்மா: வருஷத்துக்கு ஒரு தடவையா! சர்க்கரை வந்து 12 வருஷம் ஆகிறது. ஒரு தடவையாவது போயிருப்பாரா, கேள்.

பெரியப்பா: டாக்டரே இல்லை அங்கே. கம்ப்யூட்டர் சொன்னதாம். அதை நம்பி நான் ஓடவேண்டுமா?

மாமா: அதானே! மச்சான் கேட்பது நியாயம்தான்.

செல்வி: மாமா, நீங்கள் வேறு தூண்டிவிடாதீர்கள். கூகுள்காரர்கள் 2016இல் இதைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். 1,28,175 படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டருக்குப் பழக்கினார்கள். அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் அதில் உண்டு. 54 டாக்டர்கள் பார்த்து மதிப்புப் போட்டவை. டாக்டர் பார்க்காமலே முடிவு சொல்கிற இன்னொரு நிறுவனத்தின் கருவிக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதியே கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் வேலை சலித்துக் கொடுப்பதுதான்: யார் டாக்டரிடம் போகவேண்டும், யார் அடுத்த வருஷம் வரலாம். மருந்தா லேசரா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

கார்த்தி: ஆஸ்பத்திரியில் மறுபடியும் இதே படமா?

செல்வி: ஓ.சி.டி. எடுப்பார்கள் அண்ணா. முகாமில் எடுத்தது மேலிருந்து பார்த்த படம். இது விழித்திரையைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி, அடுக்கு அடுக்காகக் காட்டும். விழித்திரையின் தடிமனே கால் மில்லிமீட்டர் அளவுதான், அதற்குள் எங்கே நீர் கோத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒளியை வைத்து எடுப்பது, எக்ஸ்ரே இல்லை. கண்ணைத் தொடக்கூட மாட்டார்கள்.

பெரியப்பா: கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்களாமே. டீக்கடையில் சொன்னார்கள்.

செல்வி: நடுவில் வீக்கம் இருந்தால் போடலாம், மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவார்கள். இந்தக் கட்டத்தில் பல பேருக்குச் சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்து, சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பதோடு சரி.

மாமா: நல்லவேளை, எனக்குச் சர்க்கரை இல்லை.

அத்தை: இவர் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் அழுத்த நோய் வந்து பார்வையே போய்விட்டது செல்வி. இவர் சொல்லமாட்டார்.

செல்வி: மாமா! அப்படியானால் நீங்களும் கிளம்புங்கள். பெற்றவர்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். நரம்பு வட்டத்தின் நடுக்குழி அகலமாகியிருந்தால் படத்திலேயே சந்தேகம் வரும். ஆனால் படம் நன்றாக இருக்கிறது என்று இதில் விட்டுவிட முடியாது. அழுத்தம் பார்க்கவேண்டும், பக்கப்பார்வை சோதனை செய்யவேண்டும், நரம்பிழை மெலிந்திருக்கிறதா என்று ஓ.சி.டி.யில் அளக்கவேண்டும்.

மாமா: கண்ணாடி கேட்கப் போனது அவர். மாட்டிக்கொண்டது நான் 😄

பெரியப்பா: சரி, வியாழக்கிழமை தேனி போவோம். என் வண்டியிலேயே இரண்டு பேரும் போய்விடலாம்.

செல்வி: வண்டி வேண்டாம் பெரியப்பா! கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வெயில் கூசும். பஸ்ஸில் போங்கள், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிட்டு, எப்போதும் போல மாத்திரை போட்டுவிட்டே போகலாம். பழைய சர்க்கரை ரிப்போர்ட், முகாம் சீட்டு இரண்டும் கையில் இருக்கட்டும்.

பெரியம்மா: சீட்டை நான் பீரோவில் வைத்துவிட்டேன். இவர் கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவார்.

பெரியப்பா: வாசிக்கிற கண்ணாடியும் அங்கேயே கிடைக்குமா?