முழு சீசனும் ஒரே நாளில் வந்தால் எபிசோட் வாரியாகப் பேசுவது எப்படி?

வெள்ளவத்தை_ரசிகை:
நெட்ஃபிளிக்ஸ் தொடர்கள் கொழும்பு நேரப்படி பகல் 12.30 அல்லது 1.30க்கு மொத்தமாக இறங்குகின்றன. மறுநாள் விடியமுன் சிலர் பார்த்து முடித்துவிடுகிறார்கள், மற்றவர்கள் கதை தெரிந்துவிடுமோ என்று, தொடர்களைப் பேசும் எங்கள் குழுப் பக்கம் வரவே பயப்படுகிறார்கள். மூன்று நாளில் பேச்சு ஓய்ந்துவிடும். குழுவை எப்படி நடத்தலாம்? விமர்சனத்தை எபிசோடுக்கு எழுதுவதா, சீசனுக்கா?

கொட்டாஞ்சேனை_குமார்:
"ஞாயிறு வரை ஸ்பாய்லர் வேண்டாம்" என்று திகதி வைத்தால் சரிவராது தங்கச்சி. வேலைக்குப் போகிறவர் ஞாயிறும் 3ஆம் எபிசோடில்தான் நிற்பார். எபிசோட் எண்ணால் எல்லை போடுங்கள்: 8 என்றால் 1-2, 3-5, 6-8 என மூன்று பேச்சுத் திரி (thread). டெலிகிராமில் சொற்களின் இருபுறமும் || போட்டால் மறைந்துவிடும், தட்டினால்தான் தெரியும். படத்தையும் மறைக்கலாம். பிழை விடுவது மறைக்காத முதல் வரியில்தான். அது நோட்டிஃபிகேஷனிலேயே தெரிந்துவிடும். அதனால் அங்கே எபிசோட் எண் மட்டும். "கடைசியில ஒரு அதிர்ச்சி இருக்கு" என்பதும் ஸ்பாய்லர்தான்!

பம்பலப்பிட்டி_வாசகன்:
2013 பெப்ரவரி 1இல் 'ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்' 13 எபிசோடும் ஒன்றாக வந்ததிலிருந்தே வாராந்த விமர்சனம் ஆட்டம் கண்டுவிட்டது. முடிவு தெரிந்து எழுதுகிறவர் நடு எபிசோட்களைக் கதைச்சுருக்கமாகவே கடந்துபோகிறார். தமிழ்த் தொடரான 'சுழல்' 2022இல் 8 எபிசோடும் சேர்ந்து வந்தது. குற்றவாளி யார் என்பதோடு நின்றால், மயானக் கொள்ளைத் திருவிழாவையும் காணாமல்போன பெண்ணின் தேடலையும் மாறிமாறிக் கோத்த விதம் பேசப்படாமலே போய்விடும்.

நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் உங்கள் ப்ரொஃபைலின் பிளேபேக் செட்டிங்ஸுக்குப் போய், அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் முடிந்த கையோடு ஐந்து வரி: எங்கே தொடங்கியது, எந்தக் கேள்வியில் நிறுத்தினார்கள், உங்கள் ஊகம் என்ன. பிறகு அதைத் திருத்தாதீர்கள். அடுத்த எபிசோட் பார்த்த பின் முதல் ஊகம் நினைவில் நிற்காது. சீசன் விமர்சனத்தை அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதுங்கள்.

தெஹிவளை_நிலா:
பழியை முழுதாக வெளியீட்டு முறையில் போட முடியாது. 'ஸ்குவிட் கேம்' 2021இல் 9 எபிசோடும் ஒன்றாக வந்தும் வாரக்கணக்கில் பேசப்பட்டது. வாராந்தத் தொடரிலோ அடுத்து என்ன என்ற ஊகமே நடிப்பையும் ஒளிப்பதிவையும் மூடிவிடுகிறது. குமார் அண்ணா சொன்ன பிரிப்பில் ஒரு மாற்றம்: தளமே பிரித்துத் தந்தால் அதையே பிடியுங்கள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' 4ஆம் சீசன் 2022 மே 27இல் 7, ஜூலை 1இல் 2 என்று வந்தது. அந்த இடைவெளியில் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பதால், 7 வரைக்குமான நீண்ட விமர்சனத்தைப் பயமில்லாமல் போடலாம்.