கண்நோய் மாறியும் பார்வை மங்கலா? உங்கள் அனுபவம்

வெள்ளவத்தை அக்கா:
வீட்டில் எல்லோருக்கும் கண்நோய் வந்து மாறியது. எனக்கு மட்டும் சிவப்பும் பீளையும் போன பிறகு மங்கல் தொடங்கியது. காலி வீதியில் நின்றால் வருவது 100ஆ 101ஆ என்று பஸ் கிட்ட வரும்வரை தெரியாது. கருவிழியின் மேற்படலத்துக்குக் கீழே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருப்பதாகக் கண் டொக்டர் சொன்னார். கண்நோயைத் தந்த அடினோவைரஸ் என்ற கிருமியின் வேலை. கிருமி அடங்கிவிட்டது, அது விட்டுப்போன புரதத் துண்டுகளைத் தேடி நம் வெள்ளணுக்கள் வந்து குவிந்ததுதான் அந்தப் புள்ளி. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீரொயிட் சொட்டு விட்டால் மறையும், நிறுத்தினால் திரும்பவும் வரக்கூடும் என்று எனக்குத் தரவில்லை. மாதக்கணக்கில் தானாக மறைந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் செய்தது சரி.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
அம்மாவின் கதை வேறு அக்கா. ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சம் கூசியது. பக்கத்துப் பார்மசியில் ‘சிவப்புக்கு’ என்று தந்த சொட்டில் ஸ்டீரொயிட் இருந்தது. சிவப்பு குறைந்தது, பிறகு வலி கூடியது. கிளினிக்கில் மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். மரக்கிளை போல இருக்கவேண்டிய புண் அகன்று திட்டாகிவிட்டது. உதட்டில் கொப்புளம் போடும் அதே ஹெர்பிஸ் வைரஸ்தான். கிருமி பெருகும் நேரத்தில் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போட்டது அந்தச் சொட்டு. அந்த வைரஸைத் தடுக்கும் அசைக்ளோவிர் களிம்பு நாளுக்கு 5 தரம் போட்டு ஆறியது.

அடுத்த வருடம் அதே கண். இந்தமுறை மேலே புண் இல்லை. கருவிழியின் உள்படலம் ஊதி வெளிறியது. டொக்டரே ஸ்டீரொயிட் எழுதினார்! விடாமல் கேட்டேன். ஆழத்தில் சேதம் செய்வது பெரும்பாலும் வெள்ளணுக்களில் ஒரு வகையான நம் டி அணுக்களாம். டி அணு இல்லாத எலிகளுக்கு இந்த வகை நோய் வருவதில்லை. அதனால்தான் ஸ்டீரொயிட், கூடவே காவலுக்கு அசைக்ளோவிர் குளிசை. முகத்து நரம்பு முடிச்சில் ஒளிந்திருக்கும் வைரஸ் எப்போது வேண்டுமானாலும் இறங்கும் என்பதால், 400 மில்லிகிராம் நாளுக்கு இருதரம், ஒரு வருடம். 1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் இப்படிக் கொடுத்தபோது திரும்ப வந்தது 32 வீதத்திலிருந்து 19 ஆகக் குறைந்தது.

தெஹிவளை அண்ணா:
சொட்டை நீங்களாக நிறுத்த விடாதீர்கள் தம்பி. என் மனைவிக்கு அப்படி நிறுத்தியதும் மறுபடி ஊதியது. கண் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்டீரொயிட் சிலருக்கு அதைக் கூட்டிவிடும்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
ஓம் அண்ணா, இப்போது நாளுக்கு ஒரு துளிதான். அழுத்தமும் பார்க்கிறார்கள். அந்தப் பழைய பார்மசிப் போத்தலை அம்மா ‘தேவைப்படும்’ என்று அலுமாரியில் ஒளித்திருந்தார், எடுத்து வீசிவிட்டேன்.