பின்மண்டைக்கு ஓர் ஆள்

[ஞாயிறு, காலை 9:14] காயத்ரி: (படம்) 5 வாரம் ஆகிறது. மொத்தம் 46 சடை. எல்லாம் நானே வீட்டில் போட்டது.

[9:20] பெரியப்பா: என்னம்மா இது, சடை விழுந்துவிட்டதா? ஏதாவது வேண்டுதலா?

[9:21] காயத்ரி: வேண்டுதல் இல்லை பெரியப்பா. முடியைக் கற்றை கற்றையாகச் சிக்கவைத்துக் கெட்டியாக்குவது, ட்ரெட்லாக்ஸ் என்பார்கள்.

[9:26] சித்தி: எனக்குக் கீழத்தெரு அக்கா ஞாபகம்தான் வருகிறது. சடை விழுந்ததும் அம்மன் இறங்கிவிட்டாள் என்று சீப்பே படவிடவில்லை, தலைக்குக் குளிக்கவும் விடவில்லை. பாரம் தாங்காமல் கழுத்தைச் சாய்த்தபடியே நடப்பாள். படத்தைப் பார்த்ததும் மனசு பதறிவிட்டது.

[9:31] காயத்ரி: பதறாதீங்க சித்தி. அவங்களுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே கட்டி. எனக்கு ஒவ்வொன்றும் தனித்தனி. வாரம் ஒருமுறை தலைக்குக் குளிக்கிறேன்.

[9:33] அருண்: அக்கா எனக்கும் ஆசை. ஆனால் கோரைமுடி. சடை பிடிக்க மெழுகு வாங்கட்டுமா?

[9:45] காயத்ரி: மெழுகே வேண்டாம்டா. உள்ளே போனால் வெளியே வராது, தூசியும் பஞ்சும் ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறமாகிவிடும். முதலில் எண்ணெய்ப்பசை போகக் குளித்து நன்றாகக் காயவிடு. கோரைமுடிக்கு 15 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும். 1 அங்குலக் கட்டமாகப் பிரித்துக்கொள். செங்கல் அடுக்குவது போல வரிசை மாற்றி மாற்றிப் பிரி, இல்லாவிட்டால் மண்டையில் கோடு தெரியும். அப்புறம் பேன் சீப்பை வேரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்து, முடியைத் தலையை நோக்கித் தள்ளு. சிக்கல் கட்டியானதும் கொஞ்சம் கீழே இறங்கு. நுனி வரை அப்படியே. துருத்தி நிற்கும் முடியை 0.75 மி.மீ. குரோஷே ஊசியால் (நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசி) உள்ளே இழு. நெற்றியோரம் மட்டும் இறுக்கி முறுக்காதே, வேரோடு போய்விடும்.

[9:47] காயத்ரி: தினம் 50 முதல் 100 முடி யாருக்கும் உதிரும். வாரினால் சீப்போடு வந்துவிடும். சடையில் அது உள்ளேயே பின்னிக்கொள்கிறது. முழுசாகக் கெட்டிப்பட ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

[9:52] அம்மா: நேற்று இவள் காலை 8 மணிக்குக் குளித்தாள். மதியம் 2 மணிக்கு ஒரு சடையைப் பிடித்துப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது, நடுவில் அழுத்தினால் விரலில் ஈரம். அதுதான் என் கவலை.

[9:58] காயத்ரி: அம்மா சொல்வது சரி. இதில் பெரிய வேலையே காயவைப்பதுதான். முதல் தடவை ராத்திரி குளித்துவிட்டு ஈரத்தோடு தூங்கிவிட்டேன். மூன்றாம் நாள் நனைந்த கோணிப்பை வாசம். வினிகரை நிறையத் தண்ணீரில் கலந்து அலசிய பிறகுதான் போனது. இப்போது காலையில் மட்டும்தான். ஒவ்வொரு சடையையும் துண்டில் சுற்றிப் பிழிந்து, மொட்டைமாடி வெயில், அப்புறம் மின்விசிறி.

[10:02] சித்தி: சீயக்காய் போடலாமே?

[10:04] காயத்ரி: தூள் உள்ளேயே தங்கிவிடும் சித்தி. பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிய தண்ணீர் போடலாம். எண்ணெய் வேரில் நாலு சொட்டு போதும். அப்பினால் சடை நழுவி அவிழும்.

[10:10] பெரியப்பா: சிவனையே சடையன் என்கிறோம், அதனால் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் இது ஜமைக்காக்காரர்கள் வைப்பதுதானே? உனக்கு எதற்கு?

[10:19] காயத்ரி: ஆமாம் பெரியப்பா, ரஸ்தஃபாரி மார்க்கத்தார். 1930இல் எத்தியோப்பியாவில் ஹைலி செலாசி முடிசூடிய பிறகு ஜமைக்காவில் வளர்ந்த மார்க்கம். பைபிளில் நசரேய விரதம், அதாவது தன்னைக் கடவுளுக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் விரதம், இருப்பவர் தலையில் கத்தி படக்கூடாது என்று வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டவர்கள். 1963இல் ஜமைக்காவில் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த கலவரத்தை ஒட்டி போலீஸார் அவர்களைப் பிடித்து அடித்து, சடையை வெட்டியிருக்கிறார்கள். 2017இல்தான் அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அதைப் படித்த பிறகு இதை வெறும் அலங்காரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

[10:22] காயத்ரி: எனக்கு எதற்கு என்றால், என் சுருட்டை முடி. ஐந்து வயதிலிருந்து எண்ணெய் அப்பி, இழுத்துப் பின்னி, அதை அடக்குவதுதான் எல்லாருக்கும் வேலை. பள்ளிக்கூடத்தில் தினம் தலைவலி. இப்போதுதான் அதன் போக்கில் விட்டிருக்கிறேன். தலை வலிக்கவில்லை பெரியப்பா.

[10:25] பெரியப்பா: சரிம்மா. சுத்தமாக வைத்துக்கொள்.

[10:31] காயத்ரி: ஒரே ஒரு கஷ்டம். பின்மண்டையில் இரண்டிரண்டு சடை வேரில் ஒட்டிக்கொள்கிறது. குளித்ததும் பிரித்துவிட வேண்டும், எனக்குக் கை எட்டவில்லை. அம்மாவுக்குக் கண் தெரியவில்லை.

[10:38] சித்தி: குரோஷே ஊசியில் எத்தனை மேஜைவிரிப்பு போட்டிருக்கிறேன்! என்னிடம் சொல்ல வேண்டியதுதானே. அடுத்த ஞாயிறு வருகிறேன். கீழத்தெரு அக்கா மாதிரி ஆக விடமாட்டேன்.

[10:39] காயத்ரி: ❤️ காலையிலேயே வாங்க சித்தி. 7 மணிக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

[10:40] அம்மா: இட்லி ஊற்றி வைக்கிறேன்.