புதுப்பிப்பு: வீட்டு இட்லிப்பொடி சிக்கு வாடை + கடைக்காரர் கேட்ட நம்பர், ரெண்டும் முடிஞ்சுது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க. வீட்டுக்காரருக்கு வேலை போனதுல இட்லிப்பொடி விக்க ஆரம்பிச்சேன், பாக்கெட்ல சீக்கிரமே சிக்கு வாடை வருது, கடைக்காரர் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இல்லாம வாங்க மாட்டேங்கிறார்னு கேட்டிருந்தேன்ல. வேலைக்கு ஆனது இங்க பதில் போட்ட மதுரை அக்கா சொன்னதுதான், எள்ளு சேர்க்குறத விட்டுட்டு, கறிவேப்பிலைய நிழல்ல காயவச்சு கையில நொறுங்குற வரைக்கும் வறுத்து, அரைச்ச சூடு போக தாம்பாளத்துல பரப்பி நல்லா ஆறுன அப்புறம்தான் பேக்கிங். உப்பையும் லேசா வறுத்துப் போட்டா கட்டி பிடிக்கல.

அந்த நம்பருக்கான பதிவு, ஆன்லைன்ல எஃப்எஸ்எஸ்ஏஐயோட ஃபாஸ்காஸ் (FoSCoS) சைட்ல நானே போட்டேன், சின்ன வியாபாரம்னா வருஷத்துக்கு 100 ரூபாதான், ஏஜென்ட்டுக்கு தண்டம் அழ வேண்டியதே இல்ல. வர்ற 14 இலக்க நம்பரை லேபிள்ல போடணும்.

எதிர்பார்க்காதது என்னன்னா கால் கிலோ பாக்கெட் சீந்துவாரில்லாம கிடக்கு, 50 கிராம்தான் பறக்குது, எல்லாம் பக்கத்து ஹாஸ்டல் பொண்ணுங்க.